மன்னிப்பின் நிச்சயம்: ஓர் அழைப்பும் மூன்று ஐயங்களும்

"உங்களுக்குப் பாவமன்னிப்பின் நிச்சயம் உண்டா?" சங்கரன்கோவில், சுரண்டை, பனவடலி என்று வட நெல்லைச் சீமையின் சபைகளில் வளர்ந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டே வளர்ந்திருக்கிறார்கள். கன்வென்ஷனின் கடைசி இரவில் செய்தியாளர் இதைக் கேட்பார். நிச்சயம் இல்லாதவர்கள் முன்னே வரலாம் என்று அழைப்பார். அப்படி வந்து முழங்கால் இடுகிறவர்களில், போன வருஷமும் அதே இடத்தில் முழங்கால் இட்டவர்கள் இருப்பார்கள். அழுது ஒப்புக்கொடுத்து, சமாதானத்தோடு வீடு போய், சில வாரங்களில் பழைய பயம் தலைதூக்க, அடுத்த கூட்டத்துக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள்.

தேவன் தன்னை மன்னித்தாரா என்ற ஐயம் கிறிஸ்தவ வாழ்வின் மிகத் தனிமையான வேதனைகளில் ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவருக்குக்கூடத் தெரியாமல் ஒருவர் அதை ஆண்டுக்கணக்கில் சுமக்க முடியும். அந்த வேதனையைத் தீர்க்கவே இந்த அழைப்பு முறை வந்தது. அது எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கத் தவறியது என்று அன்போடும் கண்டிப்போடும் பார்க்க வேண்டும்.

முதலில் அதன் பலம். நெல்லைச் சீமையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவம் பரவியபோது பல இடங்களில் ஊர் ஊராகவும் உறவு உறவாகவும் மக்கள் சபைக்குள் வந்தார்கள். அடுத்த தலைமுறைக்கு அது பிறப்போடு வந்த அடையாளம் ஆயிற்று. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருந்தது. தேவனோடு தனக்கு என்ன உறவு என்று யோசிக்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. இந்தச் சூழலில்தான் 1860-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில், அருளப்பன் நடத்திய சபையில் எழுப்புதல் தொடங்கியது. மக்கள் நடுங்கி அழுது பாவங்களை வாய்விட்டு அறிக்கையிட்டார்கள். பின்பு மன்னிப்பின் மகிழ்ச்சியில் நிறைந்தார்கள். அந்த அலை சுற்றுவட்டாரச் சபைகளையும் தொட்டது. 1885-இல் இங்கு வந்த மிஷனரி தாமஸ் வாக்கர் ஐயரும் பேருக்குக் கிறிஸ்தவராய் இருப்பவர்களைத் தட்டியெழுப்பும் கூட்டங்களை 1912-இல் இறக்கும்வரை நடத்தினார். கொத்தவேலைக்காரரோ பீடித் தொழிலாளிப் பெண்ணோ, ஒவ்வொருவரையும் தேவனுக்கு முன் தனி ஆளாக நிறுத்தியது இந்த மரபு. 'நீ யாருடைய மகள்' என்று ஊர் கேட்கும் இடத்தில் 'நீ மன்னிக்கப்பட்டவளா' என்று கேட்பது பெரிய மரியாதை. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

இனி அதன் குறை. நிச்சயத்தை அது எங்கே தேடச் சொல்கிறது? பெரும்பாலும் உள்ளத்து உணர்ச்சியில். அந்த உணர்ச்சி வந்த ஒரு தேதியில். இதற்குப் பெரிய முன்மாதிரி ஜான் வெஸ்லி. 1738 மே 24-இல் லண்டனின் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் தன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்ற உறுதி அவருக்குள் அனலாய் எழுந்தது. இந்தத் தேதி ஆயிரம் பிரசங்கங்களில் சொல்லப்பட்டிருக்கிறது. அதே வெஸ்லி 1766-இல் தம்பி சார்ல்ஸுக்கு எழுதிய கடிதம் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. தேவன்மேல் தனக்கு எப்போதாவது உண்மையான அன்பு இருந்ததா என்றே அதில் அவர் கலங்குகிறார். அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு உழைத்தார். சாட்சி சொல்லும்போது முதல் பாதியை மட்டும் சொன்னால், இரண்டாம் பாதியில் நிற்கும் விசுவாசி தான் ஒருவன்தான் கெட்டுப்போனவன் என்று நினைத்துக்கொள்வான்.

கவிஞர் வில்லியம் கூப்பரின் கதை இன்னும் உருக்கமானது. இம்மானுவேலின் இரத்த ஊற்றைப் பற்றி அவர் எழுதிய பாடலை நம் சபைகள் தமிழில் மனமுருகிப் பாடுகின்றன. 1773-இல் அவரைக் கடும் மனச்சோர்வு தாக்கியது. தேவன் தன்னைக் கைவிட்டார் என்ற எண்ணம் அதற்குப்பின் 1800-இல் இறக்கும்வரை அவரை விட்டு முழுமையாக நீங்கவில்லை. அவர் பாடல் எத்தனையோ பேரைத் தேற்றியது. அவர் உள்ளமோ தேறவில்லை. மன்னிப்பு உண்மையா என்பதற்கு உணர்ச்சி அளவுகோல் ஆக முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அழைப்பு முறையின் பெருங்குறை வேறொன்று. வெவ்வேறு ஐயங்களை அது ஒரே ஐயமாக எண்ணி, எல்லாருக்கும் 'மறுபடி முன்னே வா' என்ற ஒரே பதிலைத் தருகிறது. நான் பார்த்த அளவில் மூன்று ஐயங்களைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, 'சும்மா கிடைக்குமா?' என்ற ஐயம். ஆடித்தபசு நாட்களில் சங்கரநாராயணர் கோவிலைப் பலமுறை சுற்றி ஆடிச்சுற்று முடிக்கும் பக்தர்களைப் பார்த்து வாழும் ஊர் இது. நேர்த்திக்கடன் இங்கே கிறிஸ்தவருக்கும் அந்நியமில்லை. புளியம்பட்டி அந்தோணியார் கோவிலுக்கு நடந்து போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். செய்தால்தான் தீரும் என்பது உடம்பில் ஊறிய நம்பிக்கை. கிருபை என்று பிரசங்கம் கேட்டுவிட்டு, அழுகையையே புதிய நேர்த்திக்கடனாக ஆக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. போதுமான அளவு அழுதேனா என்று அவர்கள் தங்களையே சோதிக்கிறார்கள். மறுபடி முன்னே அழைப்பது இவர்களுடைய ஐயத்துக்குத் தீனி போடுவதாகும்.

இரண்டாவது, மனச்சாட்சி நியாயமாகவே உறுத்தும் ஐயம். தங்கையின் பங்கை எழுதி வாங்கிக்கொண்டவர், கைமாற்றாக வாங்கிய பணத்தை இல்லையென்று சாதித்தவர், பொய்க் கையெழுத்துப் போட்டவர் ஆகியோருக்கு ஜெபத்தில் சமாதானம் வராததற்குக் காரணம் வெளியே இருக்கிறது. சகேயு தன் வீட்டில் இயேசுவுக்கு முன் எழுந்து நின்று, ஏமாற்றியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவேன் என்றான். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்னவர் இயேசுவே. திருப்பிக் கொடுப்பது மன்னிப்பின் விலை ஆகாது. ஆனால் மன்னிப்பை ஏற்றவன் அதைச் செய்யாமல் இருக்கும்போது எழும் கலக்கத்தை விசுவாசக் குறைவு என்று பெயரிட்டுச் சமாதானப்படுத்துவது சபை செய்யும் அநீதி. அநீதிக்குள்ளான தங்கை அதே ஆராதனையில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடும்.

மூன்றாவது, நோயாக வரும் ஐயம். மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டோமோ என்று மாற்கு மூன்றாம் அதிகாரத்தை வாசித்து நடுங்குகிறவர்கள் உண்டு. கெட்ட நினைவு ஒன்று வந்தது என்று ஒரு நாளில் நாற்பது முறை மன்னிப்புக் கேட்கிறவர்களும் உண்டு. இயேசு சங்கத்தை நிறுவிய லயோலா இஞ்ஞாசியார் 1522-இல் மான்ரேசாவில் இதில் அகப்பட்டார். அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் அமைதி கிடைக்காமல் உயிரை விடவும் எண்ணினார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்தபோதே விடுதலை பெற்றார். மருத்துவர்கள் ஓ.சி.டி. என்று சொல்லும் நோயில் மதம் சார்ந்த வகையும் ஒன்று. அதற்குச் சிகிச்சையும் மருந்தும் உண்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போவது விசுவாசத் துரோகம் ஆகாது. இப்படிப்பட்டவரைப் பிசாசின் பிடியில் இருப்பவர் என்று மேடையில் நிறுத்துவது கொடுமை.

அழைப்பு முறைக்கு முன்பே திருச்சபையிடம் வேறு இரண்டு வழிகள் இருந்தன. கத்தோலிக்கரின் ஒப்புரவு அருட்சாதனம் ஒன்று. 1215-ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைக் கட்டாயமாக்கியது. பாவத்தைப் பெயர் சொல்லி ஒரு மனிதக் காதில் போடவும், மன்னிப்பை ஒரு மனிதக் குரலில் கேட்கவும் அது வழிசெய்கிறது. சொன்னது வெளியே போகாது. நுணுக்கமான மனச்சாட்சி உடையவர்களை எண்ணிக்கையில் சிக்கவைக்கும் ஆபத்தும் அதில் உண்டு என்பதற்கு இஞ்ஞாசியாரே சாட்சி. அந்த ஆபத்தைத் தானே அனுபவித்த லுத்தரும் தனி அறிக்கையை ஒழித்துவிடவில்லை. 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் அதற்கு இடம் வைத்தார். போதகர் சொல்லும் மன்னிப்பைத் தேவனே சொல்வதாகக் கேட்க வேண்டும் என்று போதித்தார். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் வந்தது இந்த லுத்தரன் மரபிலிருந்துதான்.

மற்றது, ஆங்கிலிக்கன் ஜெபபுத்தகத்தின் காலை ஆராதனையில் 1552-இல் சேர்க்கப்பட்டு சி.எஸ்.ஐ. சபைகள் வரை வந்திருக்கும் பொதுப் பாவ அறிக்கையும் அதைத் தொடரும் பாவமன்னிப்பும். இங்கே யாரும் தனித்து நிறுத்தப்படுவதில்லை. போதகரான ஐயரும் சபையாரும் ஒரே வாயால் அறிக்கையிடுகிறார்கள். அழுதாலும் அழாவிட்டாலும் மன்னிப்பு அறிவிக்கப்படுகிறது. எனக்கு இதுவே பெரும் ஆறுதலான பகுதி. ஆனால் நடைமுறையில் அது எவ்வளவு அவசரமாகக் கடந்துபோகிறது! வாயில் வழக்கமாய்ப் போன வார்த்தைகளை மனம் கேட்பதில்லை. எல்லாருடைய பாவமும் என்று சொல்லும்போது என்னுடைய அந்த ஒன்று மறைந்துகொள்ள இடம் கிடைத்துவிடுகிறது.

நெல்லை மண்ணின் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை ஜான் பனியனின் மோட்சப் பயணத்தைத் தழுவி 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தைத் தந்தார். 1678-இல் வந்த பனியனின் மூலக்கதையில் நாம் கவனிக்க வேண்டிய வரிசை ஒன்று உண்டு. சிலுவையண்டை யாத்திரிகனின் பாரம் விழுவது பயணத்தின் தொடக்கப் பகுதியில். சந்தேகக் கோட்டையில் அவன் அடைபடுவதோ அதற்கு வெகுதூரம் கழித்து. மன்னிப்புப் பெற்றவனுக்கும் ஐயம் வரும் என்று பனியன் அறிந்திருந்தார். தானே பல ஆண்டுகள் அதில் வெந்தவர். கோட்டையில் அகப்பட்டவனை மீண்டும் சிலுவையடிக்குப் போய்த் தொடக்கத்திலிருந்து நடக்கச் சொல்லவில்லை அவர். வாக்குத்தத்தம் என்ற சாவி அவன் மடியிலேயே இருந்தது. கூட இருந்த தோழன் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தான். ஐயத்தைக் கடக்க இவ்விரண்டும் வேண்டும்: வெளியிலிருந்து வந்த வாக்கு, பக்கத்தில் ஒரு ஆள்.

ஆகவே கன்வென்ஷனை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உறங்குகிறவர்களை எழுப்ப அது வேண்டும். விழித்து நடுங்குகிறவர்களுக்கு அது போதாது. ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கைக்கு முன் ஓரிரு நிமிடம் மௌனம் விடலாம். மன்னிப்பின் வார்த்தையை ஐயர் முகம் பார்த்து, நிறுத்திச் சொல்லலாம். திருவிருந்துக்கு முந்தின ஆயத்த ஆராதனைக்குப் பின், பேச விரும்புகிறவருக்கு ஐயரோ முதிர்ந்த விசுவாசி ஒருவரோ செவிகொடுக்கலாம். கேட்டதை மனைவியிடம்கூடச் சொல்லாத உறுதி அதற்கு வேண்டும். திருப்பிக் கொடுக்க வேண்டியது இருந்தால், கூடப் போய் நிற்கவும் மருத்துவர் தேவைப்பட்டால் அழைத்துப் போகவும் சபையில் ஆள் வேண்டும்.

இந்த முறைகள் பலித்தனவா என்பதைக் கண்ணீரை வைத்துக் கணிக்கக் கூடாது. தாம் மன்னிக்கப்பட்டோமா என்று பயந்தே வாழ்கிறவர் பெரும்பாலும் பிறர் குற்றத்தையும் எண்ணிக்கொண்டே இருப்பார். தண்டனையின் கணக்கு ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த மொழி. மன்னிப்பை உண்மையாகவே பெற்றுக்கொண்டவரின் கை தளர்கிறது. சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள் நம் சபைகளில் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் மற்றவர் வீட்டுப் படியேறினால், அந்தச் சபையில் மன்னிப்பின் வார்த்தை சரியாகச் சொல்லப்பட்டது, சரியாகக் கேட்கப்பட்டது என்று நாம் தைரியமாக நம்பலாம்.