பக்கத்து அறையில் ஒரு ப்ரிசெப்டர்

படிப்பை முடித்து, தேர்வெழுதி, உரிமமும் வாங்கிவிட்ட நர்ஸ் பிராக்டிஷனருக்கு மேற்கொண்டு ஒரு வருடப் பயிற்சி எதற்கு? அமெரிக்காவில் என்னுடன் படித்தவர்களே இப்படித்தான் கேட்டார்கள். அந்த ஒரு வருடம் சம்பளமும் குறைவு. ஆனாலும் அடித்துச் சொல்வேன்: இந்தத் தொழிலுக்கு வந்து நான் செய்தவற்றிலேயே உருப்படியான காரியம் ரெசிடென்சி என்னும் அந்தப் பயிற்சியில் சேர்ந்ததுதான்!

டாக்டர்களுக்கு ரெசிடென்சி என்பது பழைய சங்கதி. நமக்கோ, 1965-இல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைத் தொடங்கி நாற்பது வருடங்களுக்கு மேல் ஆன பிறகுதான், ஆரம்ப சுகாதாரத்துக்கென ஒரு ரெசிடென்சி வாய்த்தது. 2007-இல் கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுனில் இருக்கும் ஒரு சமூக சுகாதார மையம் அதைத் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் மார்கரெட் ஃப்ளின்டர், அவரும் நர்ஸ் பிராக்டிஷனர்தான். நான் பயின்றது வேறு ஊரில். ஆனால் அதே முறையில்.

அந்த முறையின் உயிர்நாடி ப்ரிசெப்டர், அதாவது எங்களுக்கு வழிகாட்டும் மூத்தவர். நாங்கள் நோயாளிகளைப் பார்க்கும் நேரத்தில் அவருக்கென்று தனியாக ஒரு நோயாளிகூடக் கிடையாது. எங்கள் கேள்விகளுக்காகவே பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பார். எவ்வளவு பெரிய சொத்து தெரியுமா அது! சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவர் பாதம் மரத்துப்போகிறது என்று வந்தார். சர்க்கரையால் நரம்பு கெட்டிருக்கும், மருந்தைக் கூட்டலாம் என்ற யோசனையோடு போய் நின்றேன். ப்ரிசெப்டர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மெட்ஃபார்மின் எத்தனை வருஷமாக எடுக்கிறார்?" நீண்ட காலம் மெட்ஃபார்மின் எடுத்தால் பி12 குறையலாம், அதனாலும் பாதம் மரக்கும். பாடத்தில் படித்ததுதான். ஆனால் ரத்தப் பரிசோதனை முடிவு வந்து, பி12 ஊசி போட ஆரம்பித்த பிறகு அது எனக்குப் பாடமாக இல்லை, கைப்பழக்கமாகிவிட்டது. விடையை அவர் சொல்லித் தரவில்லை. எதைக் கேட்கவேண்டும் என்று காட்டினார். இப்படியே ஒரு வருடம் முழுக்க!

தோல் நோய், எலும்பு மூட்டு, மகளிர் நலம், எச்ஐவி சிகிச்சை என்று துறை துறையாகவும் போய் வந்தோம். முழங்கால் மூட்டில் ஊசி போடவும் தோலில் பயாப்ஸி எடுக்கவும் என் கை பழகியது அங்கேதான்.

ரெசிடென்சியில் நாங்கள் கலந்துகொண்ட ப்ராஜெக்ட் எக்கோ அமர்வுகளைச் சொல்லாமல் விடமாட்டேன். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துக் கல்லீரல் நிபுணர் சஞ்சீவ் அரோரா 2003-இல் தொடங்கிய முறை இது. ஹெபடைடிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களைத் தன்னிடம் வரவழைப்பதற்குப் பதிலாக, ஊர்ப்புற மருத்துவர்கள், நர்ஸ் பிராக்டிஷனர்கள், பிசிஷியன் அசிஸ்டென்ட்டுகளை வீடியோவில் கூட்டி, அவர்கள் கையிலிருக்கும் கேஸ்களையே பேசவைத்துப் பயிற்றுவித்தார். அவர்கள் தந்த சிகிச்சையும் பல்கலைக்கழக க்ளினிக்குக்குச் சமமாகக் குணப்படுத்தியது என்று 2011-இல் ஆய்வு வெளியானது. நிபுணர் எங்கோ இருக்கட்டும், நிபுணத்துவம் என் க்ளினிக்குக்கு வந்துவிடுகிறதே! என் கேஸை முதன்முதலாக அங்கே வைத்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ரெசிடென்சி விஷயத்தில் பிசிஷியன் அசிஸ்டென்ட்டுகள் நமக்கு அண்ணன்கள். நியூயார்க்கின் மான்டிஃபியோரி மருத்துவமனை 1971-லேயே அவர்களுக்கு அறுவை சிகிச்சை ரெசிடென்சி தொடங்கிவிட்டது. 2011 முதல் அவசர சிகிச்சை, சிறுநீரகம், மனநலம் போன்ற துறைகளில் தனித் தகுதிச் சான்றிதழும் அவர்களுக்கு உண்டு. என் தோழி ஒருத்தி அவசர சிகிச்சைக்கான சான்றிதழை வாங்கியபோது எனக்கே கிடைத்ததுபோல் துள்ளினேன்.

சேர நினைப்பவர்கள் விண்ணப்பிக்குமுன் ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: "நாங்கள் நோயாளி பார்க்கும் நேரத்தில் ப்ரிசெப்டரும் தன் நோயாளிகளைப் பார்ப்பாரா?" ஆமாம் என்றால் வேறு இடம் தேடுங்கள். இல்லை என்றால், சம்பளக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு இன்றே விண்ணப்பம் போடுங்கள்!