கரை சேராத சிறுவர்கள்

சிறு வயதில் பார்த்த படத்தை நடுவயதில் திரும்பப் பார்ப்பது சற்று ஆபத்தான காரியம்தான். அன்று பயந்த இடத்தில் இன்று சிரிப்பு வரும். அன்று கவனிக்காமல் விட்ட இடம் இன்று தூக்கத்தைக் கெடுக்கும்.

வால்ட் டிஸ்னியின் ‘பினோக்கியோ’வை (1940) நான் முதலில் பார்த்தது வாடகை வீடியோ கேசட்டில். அன்று என்னை நடுங்க வைத்தது மான்ஸ்ட்ரோ என்ற திமிங்கிலம். அண்மையில் மகளோடு மறுபடியும் பார்த்தபோது அது வெறும் திமிங்கிலமாகத்தான் தெரிந்தது. நடுங்க வைத்தது இன்பத்தீவு.

கதை நாம் அறிந்ததே. ஜெப்பெட்டோ கிழவர் செதுக்கிய மரப்பொம்மைக்கு நீலத் தேவதை உயிர் கொடுக்கிறாள். ஜிமினி என்ற சில்வண்டை அவனுக்கு மனசாட்சியாக நியமிக்கிறாள். பினோக்கியோவோ நரியின் பேச்சில் மயங்கி, ஒரு வண்டிக்காரனின் வண்டியில் ஏறி இன்பத்தீவுக்குப் போகிறான். அங்கே தின்பண்டம், சுருட்டு, பீர், அடித்து நொறுக்க ஒரு மாளிகை, எல்லாம் இலவசம். இரவானதும் பையன்கள் கழுதைகளாக மாறுகிறார்கள்.

லாம்ப்விக் என்ற முரட்டுப் பையன் மாறும் காட்சியை இன்றைய கணினி வித்தைகளாலும் மிஞ்ச முடியாது. பினோக்கியோவைப் பிடித்துக் கெஞ்சும் கைகள் குளம்புகளாகின்றன. அம்மாவைக் கூப்பிட்டு அலறும் அவனைச் சுவரில் விழும் நிழலாகத்தான் காண்கிறோம். அலறல் கனைப்பாக முடிகிறது. “படிக்காட்டி கழுதை மேய்க்கத்தான் போவே” என்று பிள்ளைகளைத் திட்டும் நமக்கு, கழுதையாகவே ஆகிப்போன பிள்ளையைப் பார்க்கத் தெம்பில்லை.

அதைவிடக் கொடுமையானது இன்னொரு இடம். வண்டிக்காரன் கழுதைகளை உப்புச் சுரங்கத்துக்கும் சர்க்கஸுக்கும் அனுப்பப் பெட்டிகளில் அடைக்கிறான். பேச்சு இன்னும் போகாத ஒரு குட்டி, தன் பெயர் அலெக்ஸாண்டர் என்று சொல்லி, அம்மாவிடம் போக வேண்டுமென்று அழுகிறது. பேச வருகிறது என்பதாலேயே அதைத் தனியே தள்ளி அடைக்கிறான். பெயரும் மொழியும் போனால்தான் சரக்கு தயார்!

“அந்தப் பசங்கல்லாம் என்னப்பா ஆனாங்க? வீட்டுக்குப் போயிட்டாங்களா?” என்று கேட்டாள் மகள். அட, இத்தனை வருஷமாக இதை நான் யோசிக்கவே இல்லையே! படத்தில் பதில் இல்லை. காதும் வாலும் முளைத்த அளவில் பினோக்கியோ கடலில் குதித்துத் தப்புகிறான். மற்றவர்களை அதன்பின் யாரும் நினைப்பதில்லை. வண்டிக்காரனுக்குத் தண்டனையும் கிடையாது. பெட்டிகள் ஏற்றப்படுவதை ஜிமினி கண்ணால் பார்க்கிறது. ஆனால் அது ஓடுவது பினோக்கியோவைக் காப்பாற்ற மட்டுமே. கடைசியில் அந்த மனசாட்சிக்குத் தங்கப் பதக்கம் வேறு!

மூலக்கதையை எழுதிய இத்தாலியர் கார்லோ கொலோடி (நூல் வடிவம் 1883) இப்படி விட்டுவிடவில்லை. அவருடைய பினோக்கியோ முழுக் கழுதையாகவே மாறி, சர்க்கஸில் ஆடி, நொண்டியாகி, தோலுக்காக விற்கப்படுகிறான். பிறகு மீண்டு வந்தபின், நோயுற்ற தந்தைக்கு ஒரு கோப்பைப் பாலுக்காக ஒரு தோட்டக்காரனிடம் தண்ணீர் இறைக்கப் போகிறான். அதுவரை அந்த வேலையைச் செய்த கழுதை தொழுவத்தில் சாகக் கிடக்கிறது. அதுதான் அவன் பள்ளித் தோழன். தோழன் இறந்ததும் ஒரு பிடி வைக்கோலால் கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறான். தோழன் செய்த வேலையை இனி இவன் செய்கிறான்.

எனக்கு இதுதான் பெரிய நீதியாகப் படுகிறது. தப்பித்தவன், தப்பிக்காதவனின் சுமையைக் கொஞ்சம் சுமக்கிறான். டிஸ்னி படம் பயத்தைக் கொலோடியிடமிருந்து எடுத்துக்கொண்டது; துக்கத்தை விட்டுவிட்டது. நம் பிள்ளை நல்லபடியாகக் கரையேறினால் போதும் என்கிற பெற்றோர் மனசுக்கு அந்த முடிவு இதமாக இருக்கிறது. அந்த இதம்தான் இப்போது என்னை உறுத்துகிறது.

குழந்தைகளுக்கு இப்படத்தைக் காட்டலாமா? தாராளமாகக் காட்டலாம். பயந்தால் பக்கத்தில் உட்காருங்கள். அந்தப் பையன்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால் மட்டும் “அது சும்மா படம்டா” என்று சொல்லி விடாதீர்கள். நான் மகளுக்குக் கொலோடியின் முடிவைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அலெக்ஸாண்டர்?” என்றாள். கொலோடியிடம் அலெக்ஸாண்டர் இல்லை. அவனுக்கு என்ன முடிவு என்று நாங்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.