கேள்வியைத் தீவு கேட்கட்டும்

பொருளாதார உலகமயத்தை நியாயமான விதிகளுக்குள் கொண்டுவருவது எப்படி என்று பல நாட்டு அறிஞர்கள் கூடி ஆராய்கிறார்கள். அந்த முயற்சி எங்கே உதவுகிறது, எங்கே தவறுகிறது என்பதைக் கிரேட் நிக்கோபார் தீவிலுள்ள கேம்பல் பேயில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் வரவிருக்கிறது. கொழும்பு, சிங்கப்பூர், கிளாங் துறைமுகங்களில் கப்பல் மாறும் இந்தியச் சரக்கை இங்கே ஈர்ப்பதே நோக்கம். விமான நிலையம், நகரம், மின் நிலையம் எல்லாவற்றுக்குமாகச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு கைமாறும். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. தீவின் காடுகளில் வாழும் ஷோம்பென் மக்கள் 2011 கணக்கெடுப்பின்படி 229 பேர்தான்.

2024 பிப்ரவரியில் 13 நாடுகளைச் சேர்ந்த 39 இனப்படுகொலை ஆய்வாளர்கள் இத்திட்டத்தைக் கைவிடக் கோரிக் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள். வெளியாரின் நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தியில்லாத சிறு குடிகள் பிற கண்டங்களில் அழிந்த வரலாறு அவர்களுக்குத் தெரியும். பல நாடுகளின் அனுபவத்தை ஒப்பிட்டு முன்கூட்டியே எச்சரிக்கும் இந்த ஆற்றல்தான் எல்லை தாண்டிய ஆய்வின் பெரும்பலம். வியன்னாவிலும் பின்னர் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய சிம்ரன் ஜித் சிங் இன்னொரு வகையில் உதவினார். நிக்கோபார் தீவுகளில் நெடுங்காலம் ஆய்வு செய்த அவர், 2004 சுனாமிக்குப் பின் குவிந்த நிவாரணப் பணமும் பொருளும் தேங்காயை நம்பிய வாழ்வையும் கூட்டுக்குடும்பத்தையும் எப்படிக் குலைத்தன என்று காட்டினார். நல்லெண்ணமும் கெடுதி செய்யும் என்பதற்கு அது சான்று.

குறைகளும் சிறியவை அல்ல. லிட்டில், கிரேட் நிக்கோபார் பழங்குடி கவுன்சில் 2022 ஆகஸ்டில் தந்த ஒப்புதலை நவம்பரிலேயே திரும்பப் பெற்றது. சுனாமிக்கு முன் நிக்கோபாரி மக்கள் வாழ்ந்த ஊர்களின் நிலமும் திட்டத்துக்குள் வருவதே அவர்களின் வேதனை. அறிஞர்களின் கடிதம் அதற்குப் பதினைந்து மாதம் கழித்துத்தான் வந்தது. மேலும், 1969 முதல் அரசு குடியமர்த்திய முன்னாள் படைவீரர் குடும்பங்களும் கேம்பல் பேயில் வாழ்கின்றன. வேலை, மருத்துவம், கப்பல் வசதி பற்றிய அவர்களின் எதிர்பார்ப்பை ஒதுக்கிவிட்டு எழுதும் ஆய்வு முழுமை பெறாது.

உள்ளூர்க் குரலை ஒதுக்கும் இந்தப் போக்கு பழைய வழக்கத்தின் தொடர்ச்சி. தரங்கம்பாடியிலிருந்து நிக்கோபாருக்கு உரிமை கொண்டாடிய டென்மார்க், 1840களில் அனுப்பிய ஆய்வுக் கப்பலின் பெயர் கலாத்தியா. விரிகுடா இன்றும் அப்பெயரையே தாங்குகிறது. அறிஞர் வருவார், குறிப்பெடுப்பார், போவார். அறிவு வேறு ஊரில் சேரும்.

இதை மாற்ற முடியும். என்ன ஆராய வேண்டும் என்பதில் பழங்குடி கவுன்சிலுக்கு முதல் குரல் வேண்டும். நிக்கோபாரி இளைஞர்கள் சம்பளம் பெறும் இணை ஆய்வாளர்களாக, ஆய்வு நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கும் போகட்டும். ஷோம்பென் மக்களை எவரும் நேரில் தேடிச் செல்ல வேண்டாம். முடிவுகள் நிக்கோபாரியிலும் இந்தியிலும், இனி எந்தத் திட்டத்துக்கும் அனுமதி வழங்கப்படும் முன்னரே கேம்பல் பேயை அடையட்டும். உலக வாணிபத்தில் நியாயம் கேட்பவர்கள், தங்கள் ஆய்வு முறையில் அந்த நியாயத்தை முதலில் கடைப்பிடிக்க வேண்டும்.