வளனும் ஜுஸெப்பேயும்

உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் கருமாத்தூரில் அருளானந்தர் கல்லூரியைப் பார்த்திருப்பார்கள். அருளானந்தர் என்பது, 1693-ல் ஓரியூரில் கொலையுண்ட போர்ச்சுகல் பாதிரியார் ஜான் டி பிரிட்டோவுக்கு வழங்கிய தமிழ்ப் பெயர். ஜான் என்பதற்கு ஹீப்ரு மூலத்தில் 'கடவுள் அருளினார்' என்று பொருள். இத்தாலியில் அதுவே ஜோவான்னி. நம் பக்கத்து அருளானந்தமும் அந்த ஊர் ஜோவான்னியும் ஒரே பெயர்க்காரர்கள்!

இப்படிப் பொருளைப் பெயர்ப்பதைக் காவியத்திலேயே துணிந்து செய்தவர் வீரமாமுனிவர். இத்தாலியில் அவர் கொஸ்தாந்தினோ ஜுஸெப்பே பெஸ்கி. தம் பெயரின் நடுவிலிருந்த ஜுஸெப்பேயை, அதாவது சூசையை, தேம்பாவணிக்கு நாயகனாக்கி 'வளன்' என்று அழைத்தார். யோசேப்பு என்றால் 'பெருக்குவான்' என்பதால் வளன், யோவான் 'கருணையன்'. ஓசையைக் கொன்று பொருளைக் காப்பாற்றுவது என்ன நியாயம் என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் கானகத்தில் கருணையன் தன் தாயை அடக்கம் செய்துவிட்டு அழும் இடத்தைப் படித்த பிறகு அந்தக் கோபம் நிற்கவில்லை. அங்கே அழுகிறவன் நம் வீட்டுப் பிள்ளை. யோவான் என்று எழுதியிருந்தால் ஓர் அடி தள்ளி நின்றிருப்பான்.

அதற்காக ஓசையைக் கைவிடலாம் என்று சொல்லவில்லை. பொருளைப் பெயர்க்காதவனுக்கு ஓசையாவது சரியாக வர வேண்டாமா? நாம் இத்தாலியப் பெயர்களை இங்கிலீஷ் மூக்கால் பேசுகிறோம். மிக்கெலாஞ்ஜெலோவை மைக்கேல் ஆஞ்சலோ ஆக்கினோம். இத்தாலியில் எ, இ ஒலிகளுக்கு முன்னால் வரும் 'சி' எழுத்து சகரமாகும், 'ஜி' எழுத்து ஜகரமாகும். சகரம் வேண்டாம், ககரமே வேண்டுமென்றால் நடுவில் ஒரு 'எச்' போடுவார்கள். பெஸ்கி, பெஷி ஆகாமல் நிற்பது அதனால்தான். ஜோவான்னியில் 'ஜி'யை அடுத்து நிற்கும் 'ஐ' எழுத்தும் இப்படி ஒரு காவல்காரன்தான். அதற்குத் தனிக் குரல் கிடையாது. நாமோ அதையும் உச்சரித்து ஜியோவன்னி என்கிறோம். இரட்டிக்கும் மெய்யும் உயிரில் முடியும் சொல்லும் தமிழ் நாக்குக்குப் புதிதா என்ன? அப்பா, அக்கா என்று அழைக்கிறவனுக்கு ஜுஸெப்பே வராதா?

இன்னொரு வேடிக்கை. ஏட்டில் புள்ளி விட்டுப்போனால் பெஸ்கியா, பேஸ்கியா என்று தெரியாது. எகர ஏகாரக் குழப்பத்தைத் தீர்க்க எழுத்தைத் திருத்தியவரும் அவரே.

நானும் யோக்கியனல்ல. இங்கிலீஷ் வழியாக நான் மொழிபெயர்த்த ஓர் இத்தாலியக் கதையில் ஒரு தச்சனை 'கியுசெப்பி' ஆக்கிவிட்டேன். புத்தகமாக வந்தபோது திருத்தினேன். பத்திரிகையில் படித்தவர்களுக்கு அவன் இன்னும் கியுசெப்பிதான்.