எழுபது வளைவும் ஒரு பித்தளை வளையமும்

மூன்று வாரமாக வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொடுப்பதற்கு முன்பே காரில் உட்காரவைத்துவிடுகிறேன். “ஸ்டியரிங்கைப் பிடிச்சுப் பாருங்க. இப்ப நடுவுல அமுக்குங்க.” பாம்! நான் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். காரில் ஹாரன் அடிப்பதில் என்ன அதிசயம் என்று அவர்கள் விழிப்பார்கள். நியாயம்தான். அந்த ஒரு ‘பாம்’முக்கு நான் பட்ட பாடு அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பா வாங்கிய 1997 மாடல் மாருதி 800 எங்களுடையது. இன்ஜினில் குறையே இல்லை. ஸ்டியரிங் மட்டும் சகிக்காது. நாமக்கல் வெயிலில் இருபது கோடை நின்றதில், எப்போதோ போட்ட ரெக்ஸின் உறை உருகி வளையத்தோடு ஒட்டிப்போயிருந்தது. பிடித்தால் உள்ளங்கை கறுப்பாகும், வெள்ளைச் சட்டை போட்ட நாளில் கட்டாயம் சட்டையும் கறுப்பாகும். கவரை மாற்றினால் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். போதும்தான். ஆனால் அதற்குள் சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடையில் தொங்கிய மரவளைய ஸ்டியரிங் ஒன்றை நான் பார்த்துத் தொலைத்திருந்தேன்.

என்ன அழகு! மூன்று அலுமினியக் கை, தேன் நிறத்தில் மரம், விரல் பதிய அடிப்பக்கத்தில் மேடு பள்ளம். இத்தாலியில் நார்டி என்று ஒரு கம்பெனி உண்டு. மர ஸ்டியரிங்குக்குப் பெயர்போனது. நான் வாங்கியது அந்த நார்டி அல்ல, அதைப் பார்த்துச் செய்த தம்பி. கடைக்கார பாய் அதை மறைக்கவில்லை, எனக்கும் அதில் வருத்தமில்லை. விலையை மட்டும் இங்கே எழுதமாட்டேன். இதை வீட்டிலும் படிப்பார்கள்.

ஸ்டியரிங் வளையத்தை நேராகக் காரில் மாட்ட முடியாது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். நடுவே ‘பாஸ்’ என்று ஒரு குமிழ் வேண்டும். அதன் ஒரு முனையில், வண்டியின் ஸ்டியரிங் தண்டிலுள்ள பல்லுக்குச் சரியாகப் பொருந்தும் துளை இருக்கும். மறுமுனையில் வளையத்தை மாட்ட ஆறு ஸ்குரூ. பல் வண்டிக்கு வண்டி மாறும். ஆறு ஸ்குரூவோ கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இத்தாலியின் இன்னொரு கம்பெனி மோமோ. 1964-இல் ஜான்கார்லோ அல்ல, ஜான்பியரோ மொரெட்டி என்ற பந்தய ஓட்டுநர் தொடங்கியது (இந்தப் பெயரை நான் இரண்டு வாரம் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்). மோமோவின் ஆறு துளைகள் 70 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும். நார்டியுடையவை 74. எனக்கு ஒரு கடையில் கொடுத்த பாஸ் 70. வளையமோ 74. ஒவ்வொரு துளையும் இரண்டே இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தது. மறுபடி ரயில், மறுபடி புதுப்பேட்டை. இரண்டு வட்டமும் துளைத்த பாஸ் கிடைத்தபோது அதை மடியில் வைத்துக்கொண்டே சேலம் வரை வந்தேன்.

மேலே போகுமுன் ஒன்று. என் வண்டியில் ஏர்பேக் கிடையாது, அதனால்தான் கை வைத்தேன். நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். அப்படிப்பட்ட வண்டியில் ஸ்டியரிங்கின் நடுவே இருப்பது வெறும் ஹாரன் மூடியல்ல, வெடித்து விரியும் சாதனம். அழகுக்காக அதைக் கழற்றுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

ஞாயிறு காலை ஆறு மணி. வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம் என்ற எண்ணம். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஹாரன் மூடிதானே, அதற்கெதற்கு என்று ஸ்குரூ டிரைவரால் மெல்ல நெம்பினேன். மூடி வந்தது. அதன் பின்னாலிருந்து ஒற்றை ஒயர் ஒன்று நழுவி, இரும்புத் தண்டின் மேல் விழுந்தது.

பாஆஆஆம்!

ஒயரைப் பிடிக்கப் போய் இன்னும் இறுக்கமாக இரும்போடு சேர்த்து அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. தெருவே வெளியே வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெரியவர் பல் குச்சியோடு வந்து, “ஏனுங்க, வண்டியைத் திருடறாங்களாட்ட இருக்குதுன்னு வந்தனுங்க” என்றார்.

வெட்கம் அடங்கியதும் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. ஒயர் இரும்பைத் தொட்டால் ஹாரன் அடிக்கிறது! அப்படியானால் ஸ்டியரிங்கின் நடுவில் நாம் அமுக்கும் பொத்தான் ஹாரனுக்கு மின்சாரம் அனுப்பவில்லை. ஹாரனின் ஒரு பக்கத்தில் பேட்டரியின் பிளஸ் எப்போதும் ஃபியூஸ் வழியாக வந்து காத்துக்கொண்டே இருக்கிறது. பொத்தான் செய்வதெல்லாம் மறுபக்கத்து ஒயரை வண்டியின் உடம்போடு, அதாவது எர்த்தோடு, சேர்த்துவிடுவது மட்டும்தான். முப்பது வருடமாக ஹாரன் அடிக்கிறேன். இது தெரியாமலேயே அடித்திருக்கிறேன்!

அப்புறம்தான் பேட்டரியைக் கழற்றினேன். சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, தண்டின் மேலும் ஸ்டியரிங் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு. நடுநட்டைத் தளர்த்தினேன், ஆனால் முழுக்கக் கழற்றவில்லை. நான்கு மரை பிடித்திருக்கும்படி விட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங்கை இரு கையாலும் ஆட்டி இழுத்தேன். இல்லையென்றால் அது விடுபடும் வேகத்தில் நேராக மூக்குக்கு வரும். இந்த உபாயத்தைச் சொன்னவர் மூக்கில் தழும்பு இருந்ததால் உடனே நம்பினேன்.

பழைய ஸ்டியரிங் கையோடு வந்ததும் திருப்பிப் பார்த்தேனே, அங்கேதான் நான் கவிழ்ந்தேன். முதுகுப்பக்கம் ஒரு பித்தளை வளையம். வண்டியின் பக்கமிருந்து ஸ்பிரிங் வைத்த சின்ன முள் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அவ்வளவே! யோசித்துப் பாருங்கள். ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பினால் மூன்று சுற்றுக்கு மேல் போகும். பொத்தானிலிருந்து நேராக ஒயர் இழுத்திருந்தால் ஒரே நாளில் கிணற்றுக் கயிறு மாதிரி முறுக்கி அறுந்திருக்கும். வளையம் சுற்றட்டும், முள் அதன்மேல் உரசிக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினாலும் தொடர்பு போகாது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் உரசியதில் அந்தப் பித்தளையில் ஒரு கண்ணாடிக் கோடு விழுந்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “சரிங்க, டிபன் ஆறுது” என்றாள்.

புது பாஸின் முதுகிலும் அதேபோல ஒரு வளையம் இருந்தது. அதிலிருந்து ஓர் ஒயர். இன்டிகேட்டரைத் தானாக அணைக்கும் மேடுகளும் இருந்தன. அவற்றைச் சரியான பள்ளத்தில் உட்காரவைக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி முடித்த பின்னும் இன்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருக்கும். வெள்ளைக் கோட்டைச் சேர்த்து, நட்டை இறுக்கி, ஆறு ஸ்குரூவையும் எதிரெதிராக முடுக்கி, பொத்தானின் இரண்டு காதுகளில் ஒன்றில் வளையத்து ஒயரையும் இன்னொன்றில் எர்த் ஒயரையும் செருகி, எர்த்தின் மறுமுனையைப் பாஸின் முகத்தில் ஒரு ஸ்குரூவுக்கடியில் கொடுத்தேன். பேட்டரியை மாட்டினேன். அமுக்கினேன்.

ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினேன். பொத்தான் ‘டிக்’ என்றது, ஹாரன் மௌனம். ஃபியூஸ் நன்றாக இருந்தது. அன்று மாலை வரை அந்த ‘டிக்’ சத்தத்தை ஒரு நூறு தடவை கேட்டிருப்பேன்.

எங்கள் ஊர் லாரிக்கு பாடி கட்டும் ஊர். லாரி எலக்ட்ரீஷியனுக்குப் பஞ்சமேயில்லை. சேலம் ரோட்டில் ஒருவரிடம் போனேன். பத்துச் சக்கர லாரிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தவர், என் மர ஸ்டியரிங்கை ஒரு பார்வை பார்த்தார். டெஸ்ட் லாம்ப்பின் கிளிப்பை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, முனையை பாஸின் முகத்தில் வைத்தார். எரியவில்லை. நட்டின் மேல் வைத்தார். பளிச்!

“பெயின்ட்டுங்க சார்” என்றார்.

இத்தனைக்கும் காரணம் பாஸின் மேல் பூசிய கறுப்புப் பூச்சு! பார்க்க அழகு, மின்சாரத்துக்குச் சுவர். எர்த் ஒயரை நான் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். அவர் ஸ்குரூவைக் கழற்றி, அதனடியில் காலணா அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்தார். வெள்ளை அலுமினியம் தெரிந்தது. முடுக்கினார். “அமுக்குங்க சார்.”

பாம்!

எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், இப்படி ஒரு ஸ்ருதி கேட்டதில்லை. வண்டியில் இருப்பது கோயம்புத்தூர் ரூட்ஸ் ஹாரன், அதே பழசுதான். அன்று மட்டும் அது எனக்காகவே பாடியது. காசு கேட்டால், “இதுக்கென்னங்க” என்று அவர் மறுபடி லாரிக்கு அடியில் போய்விட்டார். டீ மட்டும் வாங்கிக் கொடுக்க முடிந்தது. டீ குடிக்கும்போது பக்கத்துக் கடைக்காரர் பல சுருதியில் பாடும் ஹாரன் ஒன்றை என்னிடம் தள்ளப் பார்த்தார். அது 1989 மோட்டார் வாகன விதிகளில் 119-வது விதிப்படி கூடாது என்று சொன்னேன். என் ஹாரனை விட்டு இன்னொன்றைப் பார்க்கும் மனநிலையிலும் நான் இல்லை.

திரும்பி வரும்போது ஆஞ்சநேயர் கோயில் பக்கம் இடதுபுறம் முழுக்க ஒடித்தேன். நான் தொடாமலேயே ஹாரன் அடித்தது. நேராக்கினால் நின்றது. பூக்கடை அம்மா திட்டியதை எழுத முடியாது. பாஸுக்குள் ஒயர் நீளமாகப் போய், ஒரு விளிம்பில் தோல் உரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து சுருக்கி, ஸ்லீவ் போட்டேன். ஐந்து நிமிட வேலை.

குறை இல்லாமல் இல்லை. புதியது 36 சென்டிமீட்டர், பழையதைவிடச் சின்னது. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. நிறுத்துமிடத்தில் நின்றபடி ஒடித்தால் தோள் சொல்லும். ஓட ஆரம்பித்துவிட்டால் கை மறந்துவிடும்.

சோதிக்கக் கொல்லிமலையைவிட ஏற்ற இடம் ஏது? காரவள்ளியில் தொடங்கினால் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை, ஒவ்வொன்றிலும் ஹாரன் அடித்தே ஆகவேண்டும். ஸ்டியரிங் முழுக்க இடது, பாம், முழுக்க வலது, பாம். ஏறும்போது எழுபது, இறங்கும்போது எழுபது. நூற்று நாற்பதிலும் ஒன்றுகூடத் தவறவில்லை! முப்பத்தேழாவது வளைவில் மேலிருந்து வந்த அரசுப் பேருந்து என் ‘பாம்’முக்குப் பதில் ‘பாம்’ கொடுத்து ஒதுங்கி நின்றபோது எனக்குப் புல்லரித்தது. மரம் கையில் வழுக்கவில்லை, சூடேறவில்லை. அந்தச் சின்ன முள் இருட்டில் உட்கார்ந்து பித்தளையை உரசிக்கொண்டே இருக்கிறது என்ற நினைப்பு வேறு.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, “இன்னொருக்கா ஏறலாமா?” என்றேன்.

வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் வந்த மனைவி கதவைத் திறந்து இறங்கினாள். என் பக்கம் வந்து நின்றாள்.

“நகருங்க. இந்தத் தடவை நான் ஓட்டறேன்.”