தோற்றவர் யார்?

பள்ளித் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் பங்குத்தந்தையின் இல்லத்திற்கு இருவகைப் பெற்றோர் வருவதுண்டு. இனிப்புப் பெட்டியுடன் வருவோர் ஒருவகை. வாசலிலேயே தயங்கி நிற்போர் மற்றொரு வகை. தயங்கி நிற்போரின் பிள்ளைகள் ஒன்றுகூடி ஒரு நூல் எழுதினால் அது எப்படியிருக்கும்? அத்தகைய நூலொன்றை அண்மையில் மீண்டும் படித்தேன்.

‘எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?’ என்னும் தலைப்பில் ஜே. ஷாஜஹான் தமிழாக்கித் தந்துள்ள அந்நூல், இத்தாலியின் பார்பியானா என்ற மலைச் சிற்றூரில் பயின்ற எட்டுச் சிறுவர்களின் கூட்டுப் படைப்பு. 1967 மே மாதம் வெளிவந்தது. அவர்களுடைய ஆசான் ஒரு பங்குத்தந்தை. 1954ஆம் ஆண்டின் இறுதியில் அந்த ஒதுக்குப்புறமான பங்கிற்கு அனுப்பப்பட்ட லொரென்சோ மிலானி, அரசுப் பள்ளிகள் கைவிட்ட குடியானவர் பிள்ளைகளைக் கூட்டித் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தினார். நூல் வெளிவந்த மறுமாதமே, தமது 44ஆம் வயதில், நோயுற்று இறந்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017 ஜூன் 20 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் அவரது கல்லறைக்குச் சென்று செபித்தார்.

நூல் ஓர் ஆசிரியைக்கு எழுதிய நீண்ட கடிதமாக அமைந்துள்ளது. அதில் இரு சிறுவர்கள் நம் கண்முன் நிற்கின்றனர். மருத்துவரின் மகன் பியெரினோ, பள்ளி கேட்கும் மொழியை வீட்டிலேயே கற்று வருகிறான். ஏழை வீட்டுச் சிறுவன் ஜானிக்கோ ஒரு வினைச்சொல்லில் வரவேண்டிய எழுத்தைச் சரியாக இட வரவில்லை. ஆனால் ஊர் நடப்பும் பெரியவர்களின் உலகமும் அவனுக்கு நன்கு தெரியும். தேர்வுத்தாள் அவன் அறியாததை மட்டும் எண்ணியது. அறிந்ததைக் கேட்கவே இல்லை. இது தனி ஒருவனின் கதையன்று என்பதைச் சிறுவர்கள் புள்ளிவிவரங்களைத் திரட்டி மெய்ப்பிக்கின்றனர். பள்ளியிலிருந்து உதிர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்.

இப்பகுதியைப் படித்தபோது என்னால் மேற்கொண்டு செல்ல இயலவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், திண்டுக்கல் சமவெளியில் மல்லிகைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு பங்கில் பணியாற்றினேன். புதுநன்மைக்கு முந்தைய தேர்வில் ஒரு சிறுமியால் விசுவாசப் பிரமாணத்தைத் தடையின்றிச் சொல்ல முடியவில்லை. ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்றேன். விடியுமுன் தாயுடன் மொட்டுப் பறிக்கச் சென்று, கூலியை மனக்கணக்காகச் சொல்லும் பிள்ளை அவள் என்பதைப் பின்னரே அறிந்தேன். அடுத்த ஆண்டு அக்குடும்பம் பிழைப்புத் தேடி வேற்றூர் சென்றிருந்தது. அவள் எதை நம்புகிறாள் என்று நான் கேட்கவே இல்லை. எதை ஒப்பிக்கிறாள் என்றே கேட்டேன். மத்தேயு நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில், இயேசு யார் என்ற கேள்விக்குச் சரியான விடை சொன்ன பேதுருதான், சற்று நேரத்தில் பாடுகளைப் பற்றிய பேச்சைத் தாங்காமல் கடிந்துகொள்ளப்படுகிறார். சரியான விடை புரிதலுக்குச் சான்றாகாது என்பதை எனக்கு அவ்வதிகாரமே கற்பித்திருக்க வேண்டும்.

நூலின் மையக் கருத்தை இவ்வாறு சுருக்கலாம்: மாணவனை அளக்கும் கோல், கற்பித்தலையும் அளக்க வேண்டும். தேர்வுக்குப் பின் வகுப்பறையில் எதுவும் மாறவில்லையெனில், அது மதிப்பீடன்று. தரம் பிரித்தல் மட்டுமே.

எனினும் நூலில் குறைகள் இல்லாமலில்லை. அதன் சினம் பெரும்பாலும் ஓர் ஆசிரியையின் தலைமேலேயே இறங்குகிறது. அவரும் அதே முறையில் உருவானவர் என்பதற்கு உரிய இடம் தரப்படவில்லை. பார்பியானாவில் விடுமுறையின்றி நாள்தோறும் நெடுநேரம் பள்ளி நடந்தது, விளையாட்டுக்கு இடமில்லை. பல வகுப்புகளையும் பதிவேடுகளையும் சுமக்கும் நம் ஆசிரியரிடம் அதனை எதிர்பார்ப்பது நீதியன்று.

மற்றொன்று, நூலைப் பாதியளவே படிப்போர் செய்யும் தவறு. சிறுவர்கள் முன்வைத்த யோசனைகள் மூன்று: யாரையும் தோல்வியுறச் செய்யாதீர், பின்தங்கியோருக்கு முழுநாள் பள்ளி தாரும், ஆர்வமற்றோருக்கு ஒரு நோக்கம் தாரும். நாம் முதலாவதைச் சட்டமாக்கினோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கலாகாது என்றது. 2012-13இல் தமிழகத்தில் முப்பருவ முறை வந்தது. வளரறி மதிப்பீட்டிற்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டிற்கு 60 என மதிப்பெண் பகுக்கப்பட்டது. நல்ல நோக்கம். ஆனால் கடையில் வாங்கிய படங்களை ஒட்டிய செயல்திட்டத்திற்கும் முழு மதிப்பெண் இடப்படுமானால், வளர்ந்தது எது? அறிந்தது யார்?

2019இல் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு, 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. பத்து வயதுக் குழந்தையின்மேல் அச்சுமை ஏற்றப்படாதது நன்று. ஆயினும் தோல்வியை நீக்கியதால் மட்டும் கற்றல் வந்துவிடாது. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தொடக்க வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் நிலையறிந்து கற்பிக்க முனைவது இரண்டாம் யோசனையை நோக்கிய ஓர் அடி எனலாம். அரும்பு அரும்பாகவே நின்றுவிடாமல் காப்பது ஆசிரியரின் கையில் உள்ளது.

அதற்கான வழியையும் இந்நூல் உருவான விதமே காட்டுகிறது. அச்சிறுவர்கள் தம் எண்ணங்களைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி, அவற்றை வகைப்படுத்தி, திரும்ப வந்தவற்றை நீக்கியே நூலை ஆக்கினர். பாடம் முடியும் வேளையில் ஒவ்வொரு பிள்ளையும் புரிந்தது ஒன்று, புரியாதது ஒன்று எனச் சீட்டில் எழுதித் தந்தால் என்ன? பெயரும் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். மறுநாள் பாடம் புரியாதவற்றிலிருந்து தொடங்கட்டும். பால் பிளாக், டிலன் வில்லியம் என்னும் கல்வியாளர்கள் 1998இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டதும் இதுவே: கற்பித்தலைத் திருத்தும் பொருட்டு அடிக்கடி செய்யப்படும் சிறு மதிப்பீடுகள் கற்றலை உயர்த்துகின்றன, பின்தங்கியோருக்கே அவற்றால் மிகுந்த பயன். எம்மாவு வழியில் ஆண்டவரும் முதலில் சீடர்களைப் பேசவிட்டு, அவர்கள் எங்கே தடுமாறி நின்றார்களோ அங்கிருந்தே விளக்கத் தொடங்கினார் அல்லவா?

இவ்வாண்டு எம் மறைக்கல்வி வகுப்பில் சீட்டு முறையைத் தொடங்கியுள்ளோம். முதல் ஞாயிறு வந்த சீட்டுகளில் பாதிக்கு மேல், நான் மிகத் தெளிவாக விளக்கிவிட்டதாக எண்ணிய பகுதியே புரியவில்லை என்றிருந்தன. அன்று தோற்றவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மறு ஞாயிறு எங்கே தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. மல்லிகைத் தோட்டத்துச் சிறுமியிடம் அன்று எனக்குத் தெரியாமற்போனது அதுவே.

நம் ஆசிரியர்களும் மறைக்கல்வி ஆசிரியர்களும் பெற்றோரும் இந்நூலை அவசியம் படிக்க வேண்டும். அது சினமூட்டும். சினம் தணிந்தபின், நம்மிடம் தயங்கி நிற்கும் பிள்ளையிடம் வேறொரு கேள்வி கேட்கத் தோன்றும்.