கழுவாயும் கன்றிழந்த பசுவும்

மனுநீதிகண்ட சோழர் வரலாறு சைவச் சிறாருக்கு முதற்கண் ஓதுவிக்கப்பெறும் வரலாறுகளுள் ஒன்று. ஓதுவிப்போருட் பலர் அரசன் தன் மகன்மீது தேரூர்ந்த செய்கையொன்றனையே விரித்து, நீதியின் பெருமை இதுவென முடித்துவிடுவர். கேட்கும் இளையோர் நெஞ்சில் எஞ்சுவது தண்டத்தின் அச்சமே. பிழைசெய்த மைந்தன் அதன்பின் யாது செய்தான், அது எவ்விடத்திற் குறைந்தது என்னும் ஆராய்ச்சிக்கு அவ்வுரைகளில் இடமில்லை. சேக்கிழார் சுவாமிகளோ திருநகரச் சிறப்பில் அதனையே நுணுகி அருளிச்செய்திருக்கின்றார்.

கன்று தேர்க்காலிற் புகுந்தது ஒருவரும் அறியாமல். எனினும் மைந்தன் அறியாமையைக் காரணங்காட்டித் தப்ப நினைத்தானல்லன். கதறும் பசுவை நோக்கிப் பதைக்கின்றான்; மண்மேற் கிடந்த கன்றை நோக்கி நெடுமூச்செறிகின்றான். இதுவரை அவன் நெஞ்சம் செல்லும் நெறி செவ்விது. அடுத்த கணத்தே அவன் எண்ணம் தந்தைக்கு வந்த பழியின்பாற் சாய்கின்றது. அந்தணர் விதிக்கும் கழுவாய் உண்டாயின், தந்தை அறியுமுன்னே அதனை முடித்துவிடக் கருதி அவர்பாற் செல்கின்றான். இஃது ஒளிக்கும் கருத்தன்று, தந்தையைப் பழியினின்று காக்கும் கருத்தேயாம் எனின், ஆம். அவன் நெஞ்சிற் கள்ளமில்லை. ஆயினும் அவன் அந்தணரை நாடிச் சென்றபொழுது பசு தனித்து நின்றது. வாயில்லாத அவ்வுயிர் அரண்மனை வாயிலை நாடிக் கோட்டினால் மணியை அசைத்தது அதன் பின்னரே. இவ்விரு செலவுகளையும் சுவாமிகள் அடுத்தடுத்து வைத்தது வாளா அன்று.

அமைச்சர் கூறியதும் மைந்தன் நினைந்த கழுவாயே. அரசன் அதனை மறுத்தமையால் நூல்விதியை இகழ்ந்தானாவான் என்று சிலர் ஐயுறலாம். அவ்வையம் வேண்டா. சைவாகம நெறியிற் கழுவாய்க்குரிய இடம் பெரிது; திரிலோசன சிவாசாரியர் பிராயச்சித்த சமுச்சயம் என்றொரு தனிநூலே செய்தனர். அரசன் வினவியவை இரண்டு. பிறனொருவன் உயிர்க்கொலை செய்யின் அவனைக் கொல்வதும், தன் மகன் செய்யின் தவத்தால் தீர்த்துவிடுவதும் முறையாகுமோ என்பது ஒன்று. கன்றிழந்த பசுவின் நோய்க்கு அது மருந்தாகுமோ என்பது மற்றொன்று. இவ்விரண்டாம் வினாவே இளையோர்க்குப் பயிற்றத்தக்கது. செய்தவன்மேற் படிந்த மாசு கழிதல் வேறு, துன்புற்ற உயிரின் நோய் தீர்தல் வேறு. முன்னதை மட்டும் தேடுவோன் தன்னையே நோக்கி நிற்கின்றான்.

நம்பியாரூரர் வரலாறும் இதற்குச் சான்றாகும். சங்கிலியார்க்குச் செய்த சபதம் பிழைத்துக் கண்ணிழந்த அவர் கச்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மற்றைக் கண்ணும் பெற்றார். இறைவன் பொறுத்தருளினான், பரவையார் மனைவாயிலோ அடைத்தே கிடந்தது. இறைவனே இருமுறை தூதுசெல்ல வேண்டியதாயிற்று. அத்தூதினால் வெகுண்ட ஏயர்கோன் கலிக்காமர்பால் ஆரூரர் தாமே நேரிற் சென்றார். அவர் உயிர்துறந்து கிடக்கக் கண்டு தாமும் உடைவாளைப் பற்றினார். உயிர்பெற்றெழுந்த கலிக்காமர் அவ்வாளைப் பிடித்துத் தடுத்த பின்னரே இருவரும் நண்பராயினர்.

தண்டத்தை அறவே ஒளித்து இவ்வரலாறு கற்பித்தலும் நேரிதன்று. தாய்தந்தையர் சொற்கேளாத மக்களை உறுக்குதலும் அடித்தலும் பரிவேயாதல் போல இறைவன் முனிவும் அருளே என்பது சிவஞான சித்தியார் துணிபு. ஆனால் அப்பரிவு புலனாகும்படி உரைப்பவர் சிலரே.

வீதிவிடங்கப் பெருமான் எழுந்தருளியபின் கன்றும் மைந்தனும், தேரூர மனமின்றித் தன்னுயிர் மாய்த்த அமைச்சனும் உயிர்பெற்றெழுந்தனர். திருவாரூர்த் திருக்கோயிலின் மதிற்புறத்துள்ள கற்றேரைச் சிறாருக்குக் காட்டுவோர் கதையை இவ்வளவில் நிறுத்திவிடுகின்றனர். சுவாமிகள் நிறுத்தவில்லை. அடிபணிந்த மகனை அரசன் மார்புறத் தழுவித் துயர்நீங்கியதும், நிலம் நனையப் பால்சுரந்து கன்றையூட்டிப் பசு துயர்நீங்கியதும் ஒரே திருப்பாட்டில் வைத்துப் பாடப்பெற்றுள்ளன.